அவசரம் லேது

புங்கங்கண்டிகை காலனி,
06.07.2025

அன்புள்ள பிரியங்கா அக்காவுக்கு,

லதா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், கறுப்பு ஆட்டுக்கு மட்டும் இருமல். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இதை அம்மா கேட்கச் சொல்லவில்லை, நானே கேட்கிறேன். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. உன் ஹாஸ்டலில் போனை வாங்கி வைத்துக்கொண்டது போதாதென்று, வீட்டு விஷயம் எதையும் எழுதிப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் படுத்த பிறகு, போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

என் பக்கத்தில் உட்காரும் யாமினியை டிப்பர் லாரி தட்டிவிட்டது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டும்போது லாரியின் பக்கப் பலகை பட்டு, வலது முழங்கை உடைந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவள் அப்பா ஏகாம்பரம் மாமா, "வண்டிங்க மெதுவா போற அன்னிக்கு அனுப்புறேன். அதுவரைக்கும் என் பொண்ணு ரோட்டைத் தாண்டமாட்டா" என்று தலைமை ஆசிரியரிடமே சொல்லிவிட்டார். என் பெஞ்சில் இப்போது நான் மட்டும்தான்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை வண்டி வேகம் அறுபது என்று போர்டு இருக்கிறதே, அதை முப்பதாகக் குறைக்கலாமா என்று ரோட்டு ஆபீஸ்காரர்கள் ஜனங்களிடம் கேட்கிறார்கள். ஊர்ச் சச்சிவாலய ஆபீஸில் தெலுங்குப் பாரம் கொடுத்தார்கள். நைனா காலனிக்கெல்லாம் சேர்த்து ஒரு கட்டு வாங்கிவந்து, "எங்க சின்னது தெலுங்கு படிக்கும். அதுகிட்ட வந்து எழுதிக்கங்க" என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். நீ இருந்தால் நீதான் எழுதியிருப்பாய். நீ இல்லாததால் நான்.

பாரத்தில் ஒரே கேள்வி: 'வேக பரிமிதி தக்கிம்பு அவசரமா?' கீழே 'அவசரம்', 'அவசரம் லேது' என்று இரண்டு கட்டம்.

"இன்னாடி கேக்கிறான்?" என்றார் மணியம்மா அத்தை.

"வேகத்தைப் பத்திக் கேக்கிறாங்க அத்தை. அவசரமா, அவசரம் இல்லையான்னு."

"எனக்கு இன்னாடி அவசரம்? களை எடுக்கப் போறவ ஏரோப்ளேனா புடிக்கப்போறா? அவசரம் லேதுன்னு போடு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் மாமா மட்டும் சிரிக்கவில்லை. "என்னுதுல பெருசா போடும்மா. அவனுங்களுக்குக் கண்ணுல படட்டும்" என்றார். மொத்தம் நாற்பத்தேழு பாரம். எல்லாவற்றிலும் நானே டிக் போட்டேன். அவர்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். நைனா அன்றைக்கு எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். டார்ச் மங்குகிறது.

உன் தங்கை,
லதா


திருப்பதி,
14.07.2025

அன்புள்ள லதாவுக்கு,

அக்கா எழுதுவது. நைனா, அம்மா, நீ, இருமுகிற ஆடு எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே எதற்கும் குறையில்லை. காலை நாலரைக்கு எழுப்புகிறார்கள். முதுகு கொஞ்சம் வலிக்கிறது, நாள் முழுக்க உட்கார்ந்து படிப்பதால்தான் இருக்கும். அதை அம்மாவிடம் சொல்லாதே.

யாமினியை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நாற்பத்தேழு பேருக்கு நீ ஒருத்தியே எழுதினாயா! எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. நான் இருந்தபோது நைனா எனக்கு பஜ்ஜி வாங்கித் தந்ததில்லை.

இங்கே வார்டன் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. எதை வேண்டுமானாலும் எழுது.

அன்புடன்,
பிரியங்கா


புங்கங்கண்டிகை காலனி,
27.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா? ஆட்டுக்கு இருமல் நின்றுவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும், சும்மாதான் கேட்கிறேன். தெலுங்கில் அவசரம் என்றால் என்ன? நம் அவசரம்தானே? நமக்குச் சந்தையில் வேண்டுமா, வேண்டாமா என்று 'காவாலா, வத்தா' கேட்பதோடு தெலுங்கு முடிந்துவிடுகிறது. பரீட்சையில் எனக்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் கேட்கிறேன்.

இனிமேல் பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வந்தால் நைனா எல்லோர் முன்னாலும் என்னைப் படிக்கச் சொல்கிறார்.

சீக்கிரம் எழுது.

லதா


புங்கங்கண்டிகை காலனி,
03.08.2025

அக்கா,

உன் பதில் வரவில்லை. தபால்கார ரங்கையாவைத் தினமும் கேட்கிறேன். எங்கள் தெலுங்கு டீச்சரிடம் கேட்கலாம், ஆனால் கேட்டால் ஏன் என்று கேட்பார்.

போன கடிதத்தில் சும்மா என்று எழுதியது பொய். நடந்ததை எழுதுகிறேன்.

டிப்பர் லாரிகள் எல்லாம் யாருடையவை என்று உனக்குத் தெரியும். கோவர்த்தனன், அந்த மாந்தோப்பு வீட்டுக்காரர். அந்தக் கடிதத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அவர் காலனி முனையில் பைக்கை நிறுத்தி, நைனாவைக் கூப்பிட்டு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். "ரமணா, நீ மனுசன்யா. உங்க காலனியே நம்ம பக்கம் நிக்கும்னு நான் நினைக்கவேயில்ல" என்றார். நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பெரிய மனுசன் ஏதோ குடுக்கிறாரு, துன்னுங்க" என்று எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

'நம்ம பக்கம்' என்றாரே, அது எனக்கு உறுத்தியது. மறுநாள் சச்சிவாலயத்துச் சுவரில் போய்ப் பார்த்தேன். அங்கே வேலை பார்க்கும் ஷோபா மேடம் கணக்கு ஒட்டியிருந்தார். அவசரம்: சைபர். அவசரம் லேது: நாற்பத்தேழு. நான் நிற்பதைப் பார்த்து, "மீரே கதா வத்தன்னாரு?" என்றார். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று கேட்கிறார். அப்படியென்றால் அந்தக் கேள்வி, உங்களுக்கு அவசரமா என்று கேட்கவில்லை. வேகத்தைக் குறைப்பது வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. அப்படித்தானே அக்கா?

வேறு ஏதாவது பேச்சாக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். வேகத்தைப் பற்றிய பேச்சில் அவசரம் என்று வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

பாரத்தின் அடியில் சின்ன எழுத்தில், தப்பான தகவல் கொடுத்தால் தண்டனை என்று இருக்கிறது. அதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். நாற்பத்தேழிலும் டிக் என் கையால் போட்டது. ஏகாம்பரம் மாமாவுடையதில் அவர் சொன்னபடி பெரிதாகவே போட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. யாமினியைப் பார்க்கவும் போகவில்லை.

லதா


திருப்பதி,
05.08.2025

அன்புள்ள லதாவுக்கு,

அக்கா எழுதுவது. சுகமா? பரீட்சை வாரம் என்று வார்டன் கடிதங்களை நிறுத்தி வைத்திருந்தார். உன் இருபத்தேழாம் தேதிக் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை. நம் அவசரத்துக்கு அவர்கள் 'தொந்தர' என்பார்கள். எனக்கும் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏன் கேட்டாய்? பாடத்தில் வந்ததா?

அன்புடன்,
பிரியங்கா


புங்கங்கண்டிகை காலனி,
11.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது. என் மூன்றாம் தேதிக் கடிதம் உனக்கு இன்னும் வரவில்லை என்று தெரிகிறது. வந்தால் ஏன் கேட்டேன் என்று புரியும்.

இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை கூட்டம். ரோட்டு ஆபீஸ் இஞ்சினியர் வந்து எல்லோர் முன்னாலும் கேட்டு முடிவு சொல்வாராம். காலனியில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நாற்பத்தேழு கையெழுத்து, நம்மை மீறி என்ன செய்துவிடுவார்கள் என்கிறார்கள். நைனா வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்துவிட்டார்.

நேற்று யாமினியே நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை இன்னும் முழுதாக நீட்ட வரவில்லை. "ஏன்டி என்னைப் பாக்க வரல? கை ஒடஞ்சா ஒட்டிக்குமா உனக்கு?" என்று கேட்டாள். பாடம் நிறைய இருந்தது என்று சொன்னேன். போகும்போது, "இருபத்தஞ்சாந்தேதி திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வந்துடுவேன். பெஞ்சுல என் எடத்துல பையை வச்சிக்கினு இருக்காத" என்றாள்.

தினமும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நைனா சாப்பிட உட்காரும்போது வாய் வரை வருகிறது. "இன்னாம்மா?" என்கிறார். "தண்ணி வேணுமா நைனா?" என்று கேட்டுவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லதா


திருப்பதி,
14.08.2025

என் லதாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. நாளைக் கொடியேற்றத்துக்கு வரிசையில் நிற்கப் பழக்கிவிட்டு அனுப்பினார்கள், அரை மணி நேரம் கிடைத்தது.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டிருந்தேன். நான் இங்கே வந்த முதல் நாள், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வார்டன் கையில் நோட்டோடு வந்து, "பருபு அவசரமா?" என்று கேட்டார். தமிழ்ப் பெண் என்று தெரிந்து தமிழிலேயே பருப்பு என்கிறாரே என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பருப்பு வர நேரமாகும் போல, பொறுக்க முடியுமா என்று கேட்கிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே "அவசரம் லேது மேடம்" என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தெலுங்கில் பருபு என்றால் மெத்தை.

அன்றிலிருந்து வெறும் கட்டில் பலகையில் அம்மா கொடுத்த சேலையை விரித்துப் படுக்கிறேன். மற்றவர்களுக்கெல்லாம் மெத்தை இருக்கிறது. ஊரில் எல்லாத் தெலுங்குக் காகிதத்தையும் படித்துக் காட்டியவள், இந்தச் சின்னச் சொல்லில் விழுந்தேன் என்று போய்ச் சொல்ல வெட்கம். அர்த்தம் தெரிந்து ஒரு மாதமாகிறது. இன்னும் கேட்கவில்லை. எதற்கும் குறையில்லை என்று உனக்கு எழுதினேன்.

அதனால் நீ தைரியமாகப் போய்ச் சொல் என்று எழுத எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் முதுகு மட்டும்தான் வலிக்கும் என்றால் நீயும் என்னைப் போலவே சொல்லாமல் இருந்துகொள். ஆனால் உன் விஷயத்தில் யாமினியும் இருக்கிறாள்.

பிரியங்கா


புங்கங்கண்டிகை காலனி,
24.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம். நேற்று நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகும் நைனாவிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி வரை சொல்லவில்லை. கூட்டத்துக்குப் போகாமலிருக்க வயிற்றுவலி என்றுகூடச் சொன்னேன். நைனா, "எழுதினவ நீ, நீ இல்லாம எப்படி?" என்று கூட்டிப்போய்விட்டார்.

சச்சிவாலயத்து முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நம் காலனி முழுவதும். ஏகாம்பரம் மாமா பக்கத்தில் யாமினி. இன்னொரு பக்கம் கோவர்த்தனன், நாலு டிரைவர்கள். இஞ்சினியர் கடப்பாப் பக்கத்துக்காரர், ஷோபா மேடமும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

இஞ்சினியர் காகிதத்தைப் படித்தார். நாற்பத்தேழு பேரும் அவசரம் லேது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். காலனியில் எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா, அவர்கள் கை தட்டினார்கள். நைனாதான் ரொம்பப் பலமாகத் தட்டினார். இஞ்சினியரும் சந்தோஷமாகப் பேனாவை எடுத்துவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. "அதி தப்பு சார். நேனே ராசானு" என்றேன். அது தப்பு, நான்தான் எழுதினேன் என்று. அதற்கு மேல் என் நாற்பத்தொன்று மார்க் தெலுங்கு வரவில்லை. "எந்துகு தப்பு?" என்றார் அவர், ஏன் தப்பு என்று. நான் நைனாவைப் பார்த்து, "நைனா, அவசரம்னா தேவைன்னு அர்த்தம். கொறைக்கத் தேவையில்லன்னு நான் எழுதிட்டேன்" என்றேன். கை தட்டல் நின்றுபோயிற்று. ஏகாம்பரம் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

மணியம்மா அத்தைதான் முதலில் எழுந்தார். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் நேரே மேஜை முன்னால் போய், "சார், எங்களுக்கு அவசரம் இல்ல. அதான் சார் அவசரம்!" என்றார்.

இஞ்சினியர் விழித்தார். சுற்றிப் பார்த்து, கோவர்த்தனனிடம், உங்களுக்குத் தமிழ் வருமே, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. கோவர்த்தனன் வீட்டிலும் நம்மைப் போலத் தமிழ்தான். தெலுங்கும் நன்றாகத் தெரியும். சுவரில் நாற்பத்தேழைப் பார்த்த அன்றே அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்துதான் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்திருக்கிறார்.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாற்றிச் சொன்னால் இஞ்சினியருக்குத் தெரியாது. ஆனால் எதிரில் காலனியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நைனா மெதுவாக, "சொல்லுங்க ரெட்டைப் பாஷைக்காரரே. அந்த இனிப்பு எதுக்குன்னு எனக்கும் இப்பத்தான் புரியுது" என்றார்.

கோவர்த்தனன் தரையைப் பார்த்தபடி, "வாள்ளகி தொந்தர லேதண்ட்ட சார். தமிழ்லோ அவசரம் அண்ட்டே தொந்தர" என்றார். அவர்களுக்குத் தொந்தர இல்லையாம், தமிழில் அவசரம் என்றால் தொந்தர என்று சரியாகத்தான் சொன்னார். இவர்கள் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இஞ்சினியர் "ஓ!" என்று சிரித்து, மணியம்மா அத்தையைப் பார்த்து, "தொந்தர லேதா அம்மா?" என்று கேட்டார்.

அத்தைக்கு வந்ததே கோபம். "தொந்தரவு இல்லாமயா சார் வேலையை வுட்டுட்டு இங்க வந்து ஒக்காந்துகினு இருக்கோம்? லாரியால ராவும் பகலும் தொந்தரவுதான் சார்!"

இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் கோவர்த்தனன்தான். அவர்தான் முதலில் சிரித்தார். அவருக்கே அடக்க முடியவில்லை. அவர் அதையும் விளக்கிச் சொன்ன பிறகு இஞ்சினியர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

பழைய பாரங்களைத் தள்ளிவிட்டு, பத்து நாளில் புதிதாக எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். தண்டனை எதுவும் இல்லை. கேள்விக்குக் கீழே தமிழிலும் எழுதச் சொல்லி ஷோபா மேடம் என் கையிலேயே பேனாவைக் கொடுத்தார். 'வேகத்தைக் குறைக்க வேண்டுமா?' என்று எழுதினேன். அவசரம் என்ற சொல்லே இல்லாமல்.

கூட்டம் முடிந்து நைனா வீட்டு வாசலுக்கு வந்ததும், "தண்ணி வேணுமா, தண்ணி வேணுமான்னு கேட்டுக்கினே இருந்தியே, இதுக்குத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "ஒரு நாள்கூட நீ தண்ணி கொண்டாரல" என்றார். அவ்வளவுதான்.

ஏகாம்பரம் மாமா மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. போர்டு வரட்டும் என்கிறார். யாமினி நாளைக்கு வரமாட்டாள்.

நீ வார்டனிடம் கேட்டாயா?

லதா


திருப்பதி,
02.09.2025

அன்புள்ள லதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தை சொன்னதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் வார்டனே வந்துவிட்டார். வந்தவரிடம், "மேடம், நாகு பருபு அவசரம்" என்றேன். "இன்னாள்ளூ எந்துகு செப்பலேது?" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்கிறார். எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போய் மெத்தையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

பஞ்சு மெத்தை. முதல் நாள் தூக்கமே வரவில்லை.

இனிமேல் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பலாம்.

அன்புடன்,
பிரியங்கா


புங்கங்கண்டிகை காலனி,
21.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பகலில், வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். மெத்தை கதையைச் சொல்லிவிட்டேன், கொஞ்ச நேரம் அழுதுவிட்டு இப்போது உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

முந்தாநாள் போர்டு நட்டார்கள். முப்பது. மூன்று மாதம் பார்ப்பார்களாம், பிறகுதான் நிரந்தரம். அன்றைக்குச் சாயந்திரமே ஏகாம்பரம் மாமா ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒவ்வொரு லாரியும் வர எவ்வளவு நேரம் என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகு நம் வீட்டுக்கு வந்து என்னிடம், "நாளைக்கு எட்டரைக்கு அவளைக் கூட்டிக்கினு போ" என்றார். கூட்டம் நடந்த பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

நேற்று யாமினி வந்தாள். அவள் பையை நான் தூக்கிக்கொண்டேன். ரோட்டோரம் நிற்கும்போதே பள்ளிக்கூடத்தில் முதல் பெல் அடித்துவிட்டது. தூரத்தில் ஒரு டிப்பர் வந்தது. நான் வழக்கம்போல ஓடப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த வலது கையால்.

"இன்னாடி அவசரம்?" என்றாள்.

டிப்பர் மெதுவாகி நின்றது. டிரைவர் கையை ஆட்டினார். நாங்கள் நடந்தே போனோம்.

நேரம் கழித்து வந்ததற்காக டீச்சர் இரண்டு பேரையும் வெளியில் நிற்க வைத்தார்.

நைனா சொல்வதை இங்கே எழுதச் சொல்கிறார்: தசராவுக்கு வரும்போது பஸ்ஸிலேயே வா, ஆட்டோ பிடித்து அலைய வேண்டாம், உனக்கும் பஜ்ஜி உண்டு.

உன் தங்கை,
லதா